பழைய நாளிதழ்களின்வழி ஸ்காட்லாந்தின் குடும்ப வரலாறும் வட்டார வரலாறும்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே கட்டாயமாகப் பதிவு செய்யும் முறை 1855ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அம்முறை 1837ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் பிந்தி வந்தாலும் ஸ்காட்லாந்தின் பதிவேடு குடும்ப வரலாற்று ஆய்வாளருக்குப் பெரிதும் பயன் தருவதாகும். இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், அத்தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அதில் இடம்பெறும். குறிப்பாக 1855ஆம் ஆண்டுக்குரிய பதிவுகளில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், முன்பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பன போன்ற விவரங்களும் கேட்டு எழுதப்பட்டன. எழுதி மாளாத அளவுக்கு அவை மிகுந்திருந்தமையால் அடுத்த ஆண்டே பல விவரங்கள் கைவிடப்பட்டன.

1855க்கு முற்பட்ட காலத்திற்குச் செல்லும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. அக்காலத்திற்கு நமக்குக் கிடைப்பன ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பங்குகளில் எழுதிவைக்கப்பட்ட பழைய பதிவேடுகளே. அவை ஒரே சீராக எழுதப்பட்டவை அல்ல. திருமணம் என்ற தலைப்பின்கீழ்ப் பல இடங்களில் இருப்பது திருமண அறிவிப்பு மட்டுமே. திருமணம் நடந்தேறியதா என்பதை அப்பதிவு கூறாது. அடக்கம் பற்றிய பதிவுகள் பல பங்குகளில் அறவே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டிருந்தமையால் ஏழைகள் பலர் பதிவு செய்யாமலே இருந்துவிட்டனர். 1843இல் திருச்சபை பிளவுற்றுச் சுயேச்சைத் திருச்சபை தோன்றியபோது ஏராளமான குடும்பங்கள் பழைய சபையை விட்டு வெளியேறின. அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களைப் பழைய பதிவேட்டில் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சியாகவே முடியும்.

இவ்விடைவெளியை நிரப்பும் மூலங்களுள் நாளிதழ்களும் வார இதழ்களும் முதன்மையானவை. ஆயினும் அவை எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாமல் விடுகின்றன, சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அவற்றைக் கையாள்வது தகாது. தமிழ் இதழ்களை வரலாற்று மூலங்களாகக் கொண்டு ஆய்வேடு எழுதும் நம் மாணவர் பலர், அச்சில் வந்தது நடந்தது என்று கொண்டுவிடுவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். ஸ்காட்லாந்தில் இத்துறை நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. தொழில்முறை வரலாற்றாசிரியர்களோடு வட்டாரக் கழகங்களும் குடும்ப வரலாற்று ஆர்வலர்களும் அதனை வளர்த்துள்ளனர். அவர்கள் பட்டறிவால் கண்ட நெறிகள் நமக்கும் பயன்படக் கூடியவை என்ற கருத்தில் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இதழ்களின் தோற்றமும் வரிச்சுமையும்

'எடின்பரோ கெஜட்' 1699இல் தோன்றியது. 'கலிடோனியன் மெர்க்குரி' 1720இலும், 'அபர்டீன் ஜர்னல்' 1748இலும் வெளிவரத் தொடங்கின. இன்று 'தி ஹெரால்டு' என வழங்கும் கிளாஸ்கோ நாளிதழ் 1783இல் 'கிளாஸ்கோ அட்வர்டைசர்' என்ற பெயரில் பிறந்தது. 1817இல் எடின்பரோவில் 'தி ஸ்காட்ஸ்மன்' இதழும் வட மலைநாட்டில் 'இன்வர்னஸ் கூரியர்' இதழும் தொடங்கப்பட்டன. தொலைவில் உள்ள விக் நகரில் 1836இல் 'ஜான் ஓ குரோட் ஜர்னல்', ஆர்க்னித் தீவுகளில் 1854இல் 'தி ஆர்க்கேடியன்', ஷெட்லாந்துத் தீவுகளில் 1872இல் 'ஷெட்லாந்து டைம்ஸ்' எனச் சிற்றூர்களும் தீவுகளும் தத்தமக்குரிய இதழைப் பெற்றன.

இவ்விதழ்களின் வளர்ச்சியை வரிச் சட்டங்களோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1712 முதல் செய்தித்தாளின் ஒவ்வொரு படிக்கும் முத்திரை வரி விதிக்கப்பட்டது. 1815இல் அது நான்கு பென்ஸாக உயர்ந்தது, 1836இல் ஒரு பென்னியாகக் குறைந்தது, 1855இல் நீங்கியது. விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருந்தது. 1815 முதல் 1833 வரை அது மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். 1853இல்தான் அவ்வரி அகன்றது. தாளுக்குரிய வரி 1861இல் நீக்கப்பட்டது. இவ்வாண்டுகளை நினைவிற் கொண்டால், 1820ஆம் ஆண்டின் திருமண, இறப்பு அறிவிப்புகளில் நிலக்கிழார், போதகர், வணிகர், படை அலுவலர், வழக்கறிஞர் ஆகியோரின் குடும்பங்களே ஏன் நிறைந்துள்ளன என்பது விளங்கும். கூலி பெற்று வாழ்ந்தோர் அந்தப் பத்தியில் இடம்பெற வேண்டுமாயின் தம் உழைப்பின் பல நாள் வருவாயை ஈடாகத் தர வேண்டியிருந்தது. 1855க்குப் பின்னர் நிலைமை மாறுகின்றது. கல்தச்சர், நெசவாளர், மீனவர், ரொட்டி சுடுபவர் என எளியோரின் பெயர்களும் பத்திகளில் வந்து சேர்கின்றன. அரசுப் பதிவும் மலிவு விலை இதழும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே. ஆயினும் ஆய்வாளருக்கு 1855 இரண்டு வழிகளில் எல்லைக்கோடாகின்றது.

டண்டி நகரில் 1858இல் தொடங்கிய 'பீப்பிள்ஸ் ஜர்னல்' என்னும் வார இதழை இங்குத் தனியே குறிப்பிட வேண்டும். உழைக்கும் மக்களுக்கென நடத்தப்பெற்ற அவ்விதழ் வாசகர்களை எழுதத் தூண்டியது. கதைப்போட்டிகள் நடத்தியது, ஸ்காட்ஸ் வட்டாரமொழியில் எழுதப்பட்ட கடிதங்களை அப்படியே வெளியிட்டது. பண்ணையாளும் ஆலைத் தொழிலாளரும் தம் சொந்தக் குரலில் பேசியதைக் கேட்க விரும்புவோர் 'ஸ்காட்ஸ்மன்' இதழை விட்டு இதனை நாடுவதே முறை.

அறிவிப்புப் பத்திகளைப் படிக்கும் முறை

பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகள் இரண்டு மூன்று வரிகளே கொண்டவை. ஆயினும் அவற்றின் மொழி ஒரு தனிமொழி. நடப்பு மாதம், கடந்த மாதம் என்பவற்றைக் குறிக்கும் சுருக்கங்கள் நிறைந்திருக்கும். ஏப்ரல் மூன்றாம் நாள் இதழில் கடந்த மாதம் 28 என்றிருந்தால் அது மார்ச் மாதம் என்பதை ஆய்வாளரே கணித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர் தரப்படாமல் பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும். ஒரே பெயருள்ள பண்ணைகள் பல பங்குகளில் இருப்பதுண்டு. அமெரிக்க இதழ்கள் இதனை எடுத்து வெளியிடுக, ஆஸ்திரேலிய இதழ்கள் எடுத்து வெளியிடுக என அடியில் ஒரு வேண்டுகோள் காணப்பட்டால் அதனைப் பொன்னெனப் போற்றுதல் தகும். அக்குடும்பத்தில் யாரோ கடல் கடந்து சென்றுள்ளார், அவரது முகவரியை வீட்டார் அறியார் அல்லது உறுதியாக அறியார் என்பதற்கு அவ்வேண்டுகோள் சான்றாகலாம்.

தொழிற்பெயர்களிலும் கவனம் தேவை. 'ரைட்டர்' என்று ஒருவரின் பெயருக்குப் பின்னால் இருந்தால் அவர் நூலாசிரியர் அல்லர். ஸ்காட்லாந்து வழக்கில் அது வழக்கறிஞரைக் குறிக்கும். 'ரூப்' என்பது பொது ஏலம். குத்தகைக் காலம் முடிந்து பண்ணையை விட்டு நீங்கும் உழவர் தம் மாடு, குதிரை, ஏர், வண்டி ஆகியவற்றை விற்கும் ஏலத்திற்குத் தனிப்பெயரே உண்டு. அவ்வேல விளம்பரத்தில் விலங்குகளின் எண்ணிக்கையும் கருவிகளின் பட்டியலும் காணப்படும். இறப்புப் பதிவில் உழவர் என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்பட்ட ஒருவரின் செல்வநிலை, எத்தனை ஏர் பூட்டினார், எந்த ஆண்டில் நிலத்தை விட்டார் என்பனவெல்லாம் அவ்விளம்பரத்திலிருந்து தெரியவரும். பண்ணையாட்கள் ஆறு திங்களுக்கு ஒருமுறை வேலைக்கு அமர்த்தப்பட்ட சந்தைகளைப் பற்றிய செய்திகளும் இத்தகையனவே. அச்சந்தையில் உழவாளுக்கு என்ன கூலி பேசப்பட்டது, பெண்ணாளுக்கு என்ன கூலி என்பன ஆண்டுதோறும் வெளிவந்தன. தனிமனிதர் பெயர் அவற்றில் இராது. ஆயினும் முப்பாட்டன் எதனை நம்பி வாழ்ந்தார் என்பதை அறிய அவற்றினும் சிறந்த மூலம் அரிது.

பெயர்ச்சிக்கல் பெருஞ்சிக்கல். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவர் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர் என வைக்கும் வழக்கம் அங்குப் பரவலாக இருந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் மரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஓர் ஊரில் ஐந்து அண்ணன் தம்பிகள் இருந்தால் அடுத்த தலைமுறையில் ஒரே பெயருடைய ஐந்து பேர் இருப்பர். வடகிழக்குக் கரையின் மீனவர் குப்பங்களில் குடும்பப் பெயர்களும் ஒருசிலவே என்பதால் பட்டப்பெயரின்றி ஒருவரைச் சுட்ட இயலாமற் போயிற்று. அப்பட்டப்பெயர்கள் அங்கு 'டீ நேம்' எனப்பட்டன. அலுவல் ஆவணங்களிலும் இடம்பெறும் அளவுக்கு அவை நிலைபெற்றுவிட்டன. நாளிதழில் ஒரு பெயரைக் கண்ட மாத்திரத்தில் இவரே நம் முன்னோர் என்று முடிவு கட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மரண விசாரணையும் செய்தியின் அளவும்

இங்கிலாந்தின் வட்டார இதழ்களைப் பயன்படுத்திப் பழகியவர் ஸ்காட்லாந்து இதழ்களைப் புரட்டும்போது ஒரு குறையை உணர்வர். இங்கிலாந்தில் திடீர் மரணங்களைக் கொரோனர் என்னும் மரண விசாரணை அலுவலர் ஊரறிய விசாரிப்பார். சாட்சியங்களை நிருபர் எழுதிக்கொள்வார். மறுவாரம் அவை இதழில் வெளிவரும். ஸ்காட்லாந்தில் அவ்வலுவலர் இல்லை. அங்கு 'புரோக்கியூரேட்டர் பிஸ்கல்' எனப்படும் அரசு வழக்கு அலுவலர் தனியே விசாரணை நடத்துவார். அவ்விசாரணை பொதுமக்கள் முன் நடைபெறுவதன்று. எனவே ஒருவர் குதிரை மிதித்து இறந்தாலும், சுரங்கத்தில் கல் விழுந்து இறந்தாலும் நான்கு வரிச் செய்தியோடு பொருள் முடிந்துவிடும். 1895இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பணியிட விபத்தில் நேரும் மரணங்கள் ஷெரீப் நீதிமன்றத்தில் நடுவர் குழு முன்னிலையில் வெளிப்படையாக விசாரிக்கப்படலாயின. 1906இல் பிற திடீர் மரணங்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1895க்குப் பிந்திய இதழ்களில் தொழிலாளர் மரணச் செய்திகள் நீண்டு காணப்படுவதற்கு இச்சட்டமே காரணம். விபத்துகள் பெருகிவிட்டன என்றோ, இதழாசிரியர்களுக்குத் தொழிலாளர்மீது இரக்கம் பிறந்துவிட்டது என்றோ முடிவு செய்தால் அது பிழையாகும். செய்தியின் நீளம் நிகழ்வின் பெருமையை அளக்கும் கோல் அன்று. பல நேரங்களில் அது சட்டத்தின் அமைப்பையே காட்டுகின்றது.

டே பாலம்: 75ஆ, 59ஆ?

நாளிதழ்ச் சான்றின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டும் நிகழ்வு ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழே கால் மணியளவில் கடும்புயலில் டே ஆற்றின்மீது அமைந்திருந்த இரயில் பாலத்தின் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. ஐந்து பயணப் பெட்டிகளும் ஒரு சரக்குப் பெட்டியும் கொண்ட தொடர்வண்டி இயந்திரத்தோடு ஆற்றில் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பாலம் மக்கள் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டு ஒன்றரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனை வடிவமைத்த தாமஸ் பௌச் அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் சர் பட்டம் பெற்றிருந்தார்; விசாரணை அறிக்கை வெளிவந்த 1880ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் அவர் இறந்தார்.

இறந்தவர் எத்தனை பேர்? நெடுங்காலம் பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் 75 என்றே கூறி வந்தன. அவ்வெண்ணுக்குரிய அடிப்படை எளியது. பாலத்திற்குத் தெற்கே இருந்த செயின்ட் போர்ட் நிலையத்தில் பயணச்சீட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அச்சீட்டுகளை எண்ணி, பருவச்சீட்டு வைத்திருந்தோரையும் இரயில்வே ஊழியர்களையும் கூட்டியபோது ஏறத்தாழ 75 வந்தது. டண்டி நகரில் வாழ்ந்த வில்லியம் மெக்கொனகல் தம் பாடலில் 90 என்றார். அப்பாடல் பரவிய அளவுக்கு விசாரணை அறிக்கை பரவவில்லை என்பதால் அவ்வெண்ணும் இன்றளவும் பலர் நாவில் இருந்து வருகின்றது.

டண்டி நாளிதழ்கள் அடுத்து வந்த வாரங்களில் ஆற்றிய பணி போற்றத்தக்கது. காணாமற்போனோர் பெயர்கள், அவர்களின் தொழில், இருப்பிடம், எங்கிருந்து எங்குச் சென்றார்கள், வீட்டில் யார் யார் உள்ளனர் என்பன நாள்தோறும் வெளிவந்தன. உடல் கிடைத்தபோது ஆடை, சட்டைப்பையில் இருந்த பொருள்கள், அடையாளம் காட்டியவரின் உறவு முறை ஆகியனவும் அச்சாயின. உடல்களுக்கான தேடல் 1880ஆம் ஆண்டின் வசந்தகாலம் வரை நீடித்தது. கிடைத்தவை 46.

நூறாண்டுகளுக்கும் மேலான பின்னர், குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் அப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். பெயரும் ஊரும் உறவினரும் உறுதியாகத் தெரிந்தவர்கள் 59 பேர் மட்டுமே என்பது தெரியவந்தது. உடல் கிடைக்காதவர் பதின்மூவர். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஆற்றின் இரு கரைகளிலும் நினைவுக்கற்கள் திறந்துவைக்கப்பட்டபோது அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தவை அந்த 59 பெயர்களே.

எனில் எஞ்சிய பதினாறு பேர் யார்? இரண்டு விடைகள் கூறப்படலாம். சீட்டுகளை எண்ணியதில் அல்லது கூட்டியதில் பிழை நேர்ந்திருக்கலாம். அல்லது தேடி வர ஒருவரும் இல்லாத வழிப்போக்கர் சிலர் அவ்வண்டியில் இருந்திருக்கலாம். காணாமற்போனவர் பெயர் இதழில் வரவேண்டுமாயின் அவரைக் காணவில்லை என்று சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். நம் கருத்தில் முதல் விடையே பெரிதும் ஏற்புடையது. இறந்தவர் பதினாறு பேரில் ஒருவரது உடல்கூட அடையாளம் தெரியாததாகக் கரை சேரவில்லை என்பது அதற்கு வலுவான காரணமாகும். கிடைத்த 46 உடல்களும் பெயர் தெரிந்தவர்களுடையவை. 59 பேரில் 46 பேர் கிடைத்திருக்க, வேறு பதினாறு பேரில் ஒருவரும் கிடைக்காமற் போதல் இயல்புக்கு மாறானது. ஆயினும் இரண்டாம் விடையை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலாது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. 75 என்னும் எண்ணை அச்சிட்டவை அந்த நாளிதழ்களே. அவ்வெண்ணை மறுப்பதற்கு உதவியவையும் அதே நாளிதழ்களே. மொத்தத் தொகையைச் சொன்ன தலைப்பு வரி வழுவியது; பெயர் பெயராகக் கொடுத்த சிறு எழுத்துப் பத்திகள் நிலைத்து நின்றன. பெரும் விபத்துகள் பிறவற்றிலும் இதே நிலைதான். 1881ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கிழக்குக் கரையில் வீசிய புயலில் 189 மீனவர் மாண்டனர். அவருள் 129 பேர் ஐமவுத் என்னும் ஒரே ஊரினர். அத்தொகை இன்றுவரை ஐயத்திற்கு இடமின்றி நிற்பதற்குக் காரணம், அது படகு படகாகப் பெயர் சொல்லி எண்ணப்பட்டது என்பதே.

மலைநாடும் மௌனமும்

நாளிதழ் பேசாத இடங்களும் உண்டு. வட மலைநாட்டில் ஆட்டுப்பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் நிலத்தினின்று வெளியேற்றப்பட்ட வரலாறு அவ்வகையில் முதன்மையானது. சதர்லாந்துச் சீமையின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் பெருவெளியேற்றங்கள் நிகழ்ந்தன. முதல் வெளியேற்றத்தில் வீடுகளுக்குத் தீயிட்டதாகவும் உயிரிழப்புக்குக் காரணமானதாகவும் குற்றஞ்சாட்டப்பட்ட பண்ணை அலுவலர் பேட்ரிக் செல்லர் 1816 ஏப்ரலில் இன்வர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். அக்காலத்தில் பண்ணை நிருவாகத்தைத் தொடர்ந்து கண்டித்தெழுதிய இதழ் மலைநாட்டில் வெளிவந்தது அன்று. இலண்டனில் படைவீரர்களுக்காக வெளிவந்த 'மிலிட்டரி ரிஜிஸ்டர்' ஆகும். மலைநாட்டு இளைஞர் பலர் படையில் இருந்தமையால் வீட்டுச் செய்தி அவ்வழியே வெளிப்பட்டது.

வெளியேற்றப்பட்டவருள் ஒருவரான டொனால்டு மெக்லவுட் என்னும் கல்தச்சர் தாம் கண்டவற்றை 1840, 1841ஆம் ஆண்டுகளில் எடின்பரோவின் வார இதழ் ஒன்றில் கடிதங்களாக எழுதினார். ஓர் இரவில் 250 வீடுகள் எரிந்ததைத் தாம் எண்ணியதாக அவர் கூறுகின்றார். நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளது. அவ்வெண்ணை நம்பலாமா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டு வருகின்றனர். நம்மைப் பொறுத்தவரை, எண் சற்றுக் கூடியிருக்கலாம். ஆயினும் அவர் குறிப்பிடும் ஊர்களும் குடும்பங்களும் பிற ஆவணங்களால் சோதிக்கத் தக்கவை. டே பாலத்தில் கண்ட அதே நெறிதான் இது.

இம்மௌனத்திற்கு மொழியும் ஒரு காரணம். மக்களின் மொழி கேலிக். இதழ்களின் மொழி ஆங்கிலம். 1845இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கினின்று வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குரோயிக் என்னும் சிற்றூர்க் கோயிலின் முற்றத்தில் தங்கியிருந்தபோது அதன் சாளரக் கண்ணாடிகளில் தம் நிலையைக் கீறி வைத்தனர். அவ்வெழுத்துகளை இன்றும் காணலாம். அவை ஆங்கிலத்தில் உள்ளன. இலண்டன் 'டைம்ஸ்' தன் செய்தியாளரை அங்கு அனுப்பி எழுதச் செய்தது. வீட்டில் பேசிய மொழியை விடுத்து ஏன் ஆங்கிலத்தில் கீறினர் என்பதற்கு விடை எழுதப்படவில்லை. படிக்கத் தக்கவர் யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே நாம் கருதுகின்றோம். ஜான் மர்டாக் இன்வர்னஸ் நகரில் 1873இல் தொடங்கிய 'தி ஹைலேண்டர்' இதழ் கேலிக் மொழிக்கும் இடமளித்துக் குடியானவர் உரிமைக்காக எழுதியது. முழுக்க முழுக்கக் கேலிக் மொழியிலேயே வெளிவந்த 'மாக் டல்லா' என்னும் வார இதழ் 1892 முதல் 1904 வரை கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் நடைபெற்றது. தாய்மண்ணில் கிட்டாத இடம் குடியேறிய மண்ணில் கிட்டிய வரலாறு நம் வாசகர்க்கு விளக்கம் வேண்டாதது.

தேடும் வழிகள்

இதழ்களைத் தேடுவதற்குரிய துணைகள் பல. 'இன்வர்னஸ் கூரியர்' ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பேரன் அவ்விதழின் பழைய தொகுதிகளைப் படித்துச் செய்திச் சுருக்கங்களோடு கூடிய மூன்று தொகுதிகளை 1903 முதல் 1913 வரை வெளியிட்டார். ஓர் இதழாசிரியர் தம் இதழுக்கே அட்டவணை எழுதியது அரிய பணி. நுண்படச் சுருள்கள் பல வட்டார நூலகங்களில் உள்ளன. 2011 நவம்பரில் பிரிட்டிஷ் நூலகமும் டண்டியைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றும் இணைந்து இணையத்தில் தொடங்கிய செய்தித்தாள் காப்பகத்தால் பெயரைத் தட்டித் தேடும் வசதி வந்தது. 'ஸ்காட்ஸ்மன்' இதழின் 1817 முதல் 1950 வரையிலான பக்கங்களும் அவ்வாறே தேடத் தக்கனவாயின.

இவ்வசதி ஒரு மயக்கத்தையும் தந்துள்ளது. கணினி பழைய அச்செழுத்தை வாசிக்கும் முறையில் பிழைகள் மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் சகர ஒலிக்குரிய நீண்ட எழுத்துவடிவம் 'எப்' என்னும் ஆங்கில எழுத்தாகவே கணினிக்குத் தோன்றும். 'மெக்' எனத் தொடங்கும் பெயர்களை அக்கால அச்சகங்கள் 'எம்' எழுத்தும் ஒரு மேற்புள்ளிக் குறியும் இட்டு அச்சடித்தன. தேடுவோர் அவ்வடிவத்தையும் இட்டுப் பார்க்காவிடில் பாதிப் பெயர்கள் கிட்டா. தேடியது கிட்டவில்லை என்பதால் அச்செய்தி வெளிவரவில்லை என்று எழுதும் ஆய்வேடுகள் பெருகி வருகின்றன. மேலும், பெயரைத் தட்டிச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்பவர் அதே பக்கத்தில் அடுத்த பத்தியில் உள்ளதைப் பார்ப்பதில்லை. எடின்பரோவில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில் நுண்படச் சுருளைக் கையால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த நமக்கு, தேடாமலே கிடைத்தவை தேடிக் கிடைத்தவற்றினும் மிகுதி.

இதழின் அரசியற் சார்பையும் கருதுதல் வேண்டும். 'அபர்டீன் ஜர்னல்' பழமைக் கட்சி சார்ந்தது. 1853இல் தோன்றிய 'அபர்டீன் பிரீ பிரஸ்' தாராளக் கட்சி சார்ந்தது. பள்ளிக் குழுத் தேர்தல் ஒன்றைப் பற்றி அவ்விரண்டும் எழுதியவற்றை அருகருகே வைத்துப் படித்தால் இரண்டு வெவ்வேறு ஊர்களின் செய்தியோ என ஐயுற நேரும். 1922இல் அவை ஒன்றாக இணைந்தன.

தோட்டங்களின் பெயர்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குச் சீமைகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் இளைஞர் பலர் சென்றனர். கின்கார்டின்ஷயரின் ஆக்கன்பிளே பகுதியில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கை சேர்ந்து, லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டு, அங்கேயே 1892இல் இறந்தார். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. இத்தகையோரின் திருமணமும் இறப்பும் ஊரில் இருந்த உறவினரால் அபர்டீன், டண்டி இதழ்களில் அறிவிக்கப்பட்டன. அவ்வறிவிப்புகளில் தோட்டத்தின் பெயர் இருக்கும். மலாயாவிலும் நிபோங் திபால் அருகே இருந்த 'கலிடோனியா' தோட்டம் ஸ்காட்லாந்தின் பழம்பெயரையே தாங்கியிருந்தது.

தோட்டத்தின் பெயர், அதனை நடத்தியவர், அவர் பொறுப்பேற்ற ஆண்டு, விட்டுச் சென்ற ஆண்டு ஆகியன இவ்வறிவிப்புகளால் உறுதிப்படும். அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றி அவ்விதழ்கள் கூறுவது மிகக் குறைவு. கூறும் இடங்களிலும் பெரும்பாலும் எண்ணாகவே கூறும். ஆகவே 1845 முதல் வெளிவரும் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பக்கங்களையும், 1887 முதல் 1890 வரை வெளிவந்த 'சிங்கை நேசன்' பக்கங்களையும், தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும், கோயில் நன்கொடைப் பட்டியல்களையும் அவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். கோயில் நன்கொடைப் பட்டியல்களில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் இருப்பதுண்டு. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்ட நிலையில் அப்பட்டியல்களைப் படமெடுத்து வைக்கும் பணியைத் தோட்டப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்களே முதலில் செய்ய இயலும். கற்பலகையில் உள்ளவை நிற்கும், சுண்ணாம்புச் சுவரில் எழுதப்பட்டவை அடுத்த குடமுழுக்குக்கு வெள்ளையடிக்கப்பட்டுவிடும்.